பின்னிக்கொண்டிருந்தவளுக்கு வலிக்காது என்றார்கள்

என் வியாதிக்கு மூன்று பெயர் வைத்தார்கள். வரதய்யபாளையத்தில் எங்கள் தெருக்கோடி கிளினிக்கில் அது வாயு. திருப்பதியில் ஒரு தனியார் மருத்துவமனையில் அது 'ஆங்க்ஸைட்டி', அதாவது காரணமில்லாத பதற்றம். பன்னிரண்டு நாள் கழித்து வேறொரு மருத்துவமனையில்தான் அதன் உண்மையான பெயர் தெரிந்தது. அதற்குள் என் இதயத்தைச் சுற்றி முக்கால் லிட்டர் நீர் சேர்ந்துவிட்டது.

ஆறு மாதம் மாத்திரை சாப்பிட்டு முடித்து, மாடிப்படி ஏறி இறங்க முடிகிற நிலையில் இதை எழுதுகிறேன். பிழைத்து வந்தவர்கள் நன்றி சொல்லித்தான் ஆரம்பிப்பார்கள். நன்றி சொல்ல வேண்டியவர்களுக்கு நானும் சொல்வேன். ஆனால் கோபத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். அதைத் தள்ளிப்போட்டால் வழக்கம்போல் முழுங்கிவிடுவேன்.

நான் மஞ்சுளா. வயது நாற்பத்திரண்டு. ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை. செல்போனுக்குள் போகும் சின்னச் சின்னப் பாகங்களை விளக்கடியில் வைத்துப் பார்த்து, கீறல் இருந்தால் ஒதுக்குவேன். என் கணவர் சேகர் அந்தத் தொழிற்பேட்டைக்கு ஆள் ஏற்றிப் போகும் பஸ் ஓட்டுகிறார்.

எனக்குப் பின்னல் வேலை தெரியும். ஊசி இரண்டை வைத்துக்கொண்டு ஸ்வெட்டர் பின்னுவார்களே, அதுதான். ஊரடங்கின்போது தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். வீட்டில் இருவரும் சும்மா உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில், போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டேன். கடைகள் இல்லை, ஊசி கிடைக்கவில்லை. சேகர்தான் பழைய சைக்கிள் சக்கரத்திலிருந்து இரண்டு கம்பியைக் கழற்றி, முனையைக் கல்லில் தேய்த்துக் கொடுத்தார். நூல் எங்கள் அம்மா வீட்டிலிருந்து வந்தது. நகரியில் அவர்களுக்கு விசைத்தறி உண்டு. தறிநூல் மெல்லிசு. நான்கு இழையைச் சேர்த்துப் பிடித்தால் பின்னலுக்குச் சரியாக இருக்கும். இந்த வெயில் ஊரில் உனக்கு ஸ்வெட்டர் எதற்கு என்று எல்லோரும் சிரித்தார்கள். நான் ஸ்வெட்டர் பின்னவில்லை. கரித்துணி, தலையணை உறை, சும்மா நீளமாக ஒரு பட்டை என்று கைக்கு வந்ததைப் பின்னினேன்.

பதற்றமான நேரத்தில் பாட்டுக் கேட்கச் சொல்வார்கள். பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், மனசு வேறெங்கோ ஓடிவிடும். பின்னும்போது அப்படி ஓட முடியாது. ஓடினால் ஊசியில் கோத்த நூல் வளையம், அதாவது கண்ணி, நழுவும். நழுவிய கண்ணியைத் தேடி எடுத்து மறுபடி ஊசியில் ஏற்றியாக வேண்டும். அந்த வேலையிலேயே மூச்சு தானாக ஒழுங்குக்கு வந்துவிடும். எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. அதுவே எனக்கு எதிராகச் சாட்சி சொல்லும் என்று நான் நினைக்கவில்லை.

சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் வருவதுதான் தொடக்கம். பிறகு நெஞ்சின் நடுவில் ஒரு வலி. மூச்சை இழுத்தால் கத்தி வைத்தாற்போல் இருக்கும். படுத்தால் கூடும். எழுந்து உட்கார்ந்து முன்னால் குனிந்தால் கொஞ்சம் குறையும். கிளினிக்கில் கொடுத்த வாயு மாத்திரையில் ஒன்றும் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை வேலை செய்யும் இடத்திலேயே கண் இருட்டிக்கொண்டு வந்தது. சேகர் லீவு போட்டுவிட்டு என்னைத் திருப்பதிக்குக் கூட்டிப் போனார். பஸ் ரேணிகுண்டா தாண்டுவதற்குள் நான் முன்சீட்டுக் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு குனிந்தபடியே வந்தேன்.

அந்த மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி. இ.சி.ஜி. எடுத்தார்கள். நெஞ்சில் குமிழ் குமிழாக ஒட்டி, இதயத்தின் துடிப்பைத் தாளில் கோடாக இழுத்துக் காட்டும் சோதனை அது. "கொஞ்சம் வேகமா இருக்கு, வெயிட் பண்ணுங்க" என்று வெளியே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். கை நடுங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அலறிக்கொண்டிருந்தார். அவரை உள்ளே கொண்டுபோனார்கள். கையில் வெட்டுப்பட்டவர் ஒருவர் வந்தார், அவரும் உள்ளே போனார். சரி, ரத்தம் வருகிறவர்தானே முதலில் போகவேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். பையைத் திறந்து ஊசியையும் நூலையும் எடுத்தேன். வரிசைக்கு முப்பத்திரண்டு கண்ணி. ஒரு வரிசை பின்னினால் மூன்று மூச்சு. அப்படியே ஓட்டினேன்.

மணி பன்னிரண்டானது, ஒன்றானது. சேகர் இரண்டு முறை எழுந்து போய்க் கேட்டார். இரண்டாவது முறை கேட்டபோது நர்ஸ் என் பக்கம் கையைக் காட்டிச் சொன்னது எனக்கே கேட்டது.

"அந்தம்மா ஸ்வெட்டர் பின்னிக்கினு உக்காந்துக்கினு இருக்காங்க சார். சீரியஸ் கேஸ்லாம் போகட்டும்."

மூன்று மணிக்கு ஓர் இளம் டாக்டர் வந்தார். தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசினார். நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் குழாயை வைத்தார். இரண்டே இடத்தில் வைத்தார், எண்ணிக்கொண்டிருந்தேன். படுக்கச் சொல்லவில்லை. எக்ஸ்ரேவும் எடுக்கவில்லை.

"ஏமீ லேதம்மா," என்றார். ஒன்றுமில்லை என்று அர்த்தம். "வீட்ல பிரச்சனை ஏதாச்சும் இருக்கா? வேலைல டென்ஷனா?"

"டென்ஷன் இல்ல சார். வலி. படுத்தா தாங்க முடியல."

அவர் என் மடியைப் பார்த்துச் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்ல மாட்டேன். அன்பாகத்தான் சிரித்தார். அதனால்தான் இன்னும் எரிகிறது. "நெஞ்சுவலி இருக்கறவங்க இப்டி நிதானமா பின்னல் போட முடியுமாம்மா? பயம்தான் உங்களுக்கு. பின்றது நல்ல பழக்கம், விடாதீங்க."

சீட்டில் ஆங்க்ஸைட்டி என்று எழுதி, தூக்கத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார்.

வெளியே வந்ததும் சேகரிடம் சொன்னேன், "இவுரு சரியாவே பாக்கல."

"டாக்டரே ஒண்ணியும் இல்லன்றாரு மஞ்சு. நீ கொஞ்சம் தைரியமா இரேன்" என்றார் அவர்.

அந்த வார்த்தை டாக்டர் சொன்னதைவிட ஆழமாக இறங்கியது.

அதற்குப் பிறகு பதினோரு நாள். மூன்றாவது நாள் முதல் வேலைக்குப் போகவில்லை. சூப்பர்வைசருக்கு அந்தச் சீட்டை போனில் அனுப்பினேன். "டென்ஷனுக்கெல்லாம் லீவு கிடையாதும்மா" என்று பதில் வந்தது. படுக்க முடியாமல் மேசையில் தலையணை வைத்து அதன்மேல் கவிழ்ந்தபடி தூங்கினேன். கால் வீங்கியது. கொலுசைக் கழற்றினால் அது இருந்த இடம் பள்ளமாகத் தெரிந்தது. சேகர் கோபப்படவில்லை. தேங்காய்த் தண்ணீர் வாங்கி வந்தார், சாமிக்கு முடிந்துவைத்தார், "நல்லதையே நெனச்சிக்கினு இரு" என்றார். என் கால் வீக்கத்தைக்கூட நான் அதிகம் உட்கார்ந்திருப்பதால் வந்தது என்று நம்பினார். எனக்கே ஒரு கட்டத்தில் சந்தேகம் வந்துவிட்டது. நாம்தான் கோழையோ? நம் உடம்பு நம்மிடமே பொய் சொல்கிறதோ? இந்தச் சந்தேகத்தை எனக்குள் போட்டுவிட்டுப் போனதுதான் அந்த டாக்டர் செய்த பெரிய தப்பு என்பேன்.

பன்னிரண்டாம் நாள் காலையில் புத்தூரிலிருந்து வசந்தா அக்கா வந்தாள். சேகருடைய அண்ணன் மனைவி. எனக்கும் அவளுக்கும் பல வருஷமாகப் பேச்சு அளவோடுதான். ஏதோ பத்திரிகை வைக்க வந்தவள், வாசலிலேயே நின்று என்னைப் பார்த்தாள்.

"இன்னாடி இது, மூஞ்சி இப்டி ஊதிக் கெடக்குது? எப்ப துன்ன?"

பதில் சொல்ல எனக்கு மூச்சுப் போதவில்லை. அவள் பத்திரிகைக் கட்டை அங்கேயே வைத்தாள். உள்ளே போய் மேசையையும் தலையணையையும் பார்த்தாள். சேகர் பக்கம் திரும்பினாள்.

"உக்காந்துக்கினே தூங்கறாளா?"

"டாக்டர் டென்ஷன்னு சொன்னாரு அண்ணி."

"டென்ஷனுக்குக் கால் வீங்குமா? எழுந்து காரைக் கூப்பிடு. இன்னிக்கி எவன் இன்னா சொல்றான்னு நானும் பாக்கறேன்."

இந்த முறை வேறு மருத்துவமனை. திருப்பதியில்தான். கூட்டமென்றால் கூட்டம், திருமலைக்குப் போகும் வரிசை மாதிரி. டோக்கன் வாங்கி உட்கார்ந்தோம். வழக்கம்போல் என் கை பையைத் துழாவியது. ஊசியை எடுத்ததும் வசந்தா அக்கா வெடுக்கென்று பிடுங்கினாள்.

"இத்த உள்ள வை! இத்தப் பாத்தா எவன்டி உன்ன நோயாளின்னு நெனைப்பான்?"

"கை நடுங்குதுக்கா."

"நடுங்கட்டும். நல்லாத் தெரியிற மாதிரி நடுங்கு."

பிறகு அவள் எழுந்துபோய்க் கத்தினாள். தெலுங்கில் பாதி, தமிழில் பாதி. முழு ஹாலும் திரும்பிப் பார்த்தது. எனக்கு அவமானமாக இருந்தது, சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டேன். பத்து நிமிடத்தில் என்னைத் தள்ளுநாற்காலியில் உள்ளே கொண்டுபோனார்கள். அன்றைக்கு அவமானப்பட்டேன். இப்போது யோசித்தால், நான் வெட்கப்பட்டதற்கு வெட்கமாக இருக்கிறது. அவள் கத்தியிருக்காவிட்டால் அந்த நாற்காலியிலேயே என் கதை முடிந்திருக்கும். எனக்குத் தாளாத விஷயம் வேறு. வியாதியைப் பார்த்து அல்ல, சத்தத்தைக் கேட்டுத்தானே கதவு திறந்தது?

உள்ளே இருந்தது ஒரு பெண் டாக்டர். நடு வயது. குழாயை எடுப்பதற்கு முன் என்னைச் சற்று நேரம் சும்மா பார்த்தார்.

"ஏன் இப்டிக் குனிஞ்சே உக்காந்திருக்கீங்க?"

இத்தனை நாளில் அந்தக் கேள்வியைக் கேட்ட முதல் ஆள் அவர்தான். "இப்டி இருந்தாத்தான் வலி கொறையுது மேடம். படுத்தா உயிர் போவுது."

அவர் என் கழுத்து நரம்பைப் பார்த்தார். மூச்சை இழுக்கச் சொல்லி நாடியைப் பிடித்துப் பார்த்தார். கால் வீக்கத்தை விரலால் அமுக்கினார். "எக்கோ, இப்பவே" என்றார். வயிற்றில் குழந்தையைப் பார்க்கும் ஸ்கேன் மாதிரி, இதயத்தைத் திரையில் பார்ப்பது எக்கோ. எடுக்கும் பெண் என்னோடு பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று பேச்சை நிறுத்திவிட்டு வெளியே ஓடினாள். அப்போதுதான் நான் உண்மையாகப் பயந்தேன்.

டாக்டர் வந்து விளக்கினார். இதயம் ஒரு மெல்லிய பைக்குள் இருக்கிறது. அந்தப் பைக்கும் இதயத்துக்கும் நடுவில் நீர் சேர்ந்து, நாலா பக்கமும் இதயத்தை அமுக்குகிறது. விரிய இடம் இல்லாததால் அது ரத்தத்தை வாங்க முடியாமல் தவிக்கிறது. ஊசி போட்டு நீரை உடனே எடுக்க வேண்டும். "இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா கஷ்டம்" என்றார்.

சேகர் அங்கேயே சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். கையெழுத்துப் போடவேண்டிய தாளை அவர் கையில் கொடுத்தார்கள். பேனா பிடிக்க வரவில்லை அவருக்கு. வசந்தா அக்காதான் அவர் கையைப் பிடித்துத் தாளில் வைத்தாள்.

நடு நெஞ்செலும்பு முடியும் இடத்துக்குக் கீழே மரத்துப்போக மருந்து போட்டு, நீளமான ஊசியை உள்ளே விட்டார்கள். வலியைவிட ஓர் அழுத்தம். பிறகு வைக்கோல் நிறத்தில், லேசாகச் சிவப்புக் கலந்து நீர் இறங்கியது. பாதி இறங்கும்போதே எனக்கு ஒரு முழு மூச்சு வந்தது. மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் முழு மூச்சு. நான் அழுதேன். பக்கத்தில் நின்ற நர்ஸ் வலிக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். அது ஆத்திரத்தில் வந்த அழுகை. இதோ, இவ்வளவுதான். ஒரு ஸ்கேன், ஓர் ஊசி. இதற்காகவா நான் பன்னிரண்டு நாள் கோழைப் பட்டம் சுமந்தேன்?

நீர் மிச்சம் இருந்தால் வடிவதற்கு ஒரு குழாயை உள்ளேயே விட்டு, ஐ.சி.யு.வில் மூன்று நாள் வைத்தார்கள். கூர்மையான பொருள் எதற்கும் அங்கே அனுமதி இல்லை. நியாயமான விதிதான், அதற்காக நான் சண்டை போடவில்லை. ஆனால் கை சும்மா இருக்க, கண் அந்தத் திரையில் ஓடும் பச்சைக் கோட்டிலேயே ஒட்டிக்கொண்டது. அது கொஞ்சம் ஏறினாலும் இறங்கினாலும் எனக்கு வியர்த்தது. இரண்டாம் நாள் காலை, குழாயைத் துடைக்க வந்த நர்ஸிடம் கேட்டேன்.

"சிஸ்டர், ஊசி வாணாம். வெறும் நூல் மட்டும் வெச்சிக்கலாமா?"

"நூல வெச்சிக்கினு இன்னா பண்ணுவீங்க?"

"வெரல்ல பின்னுவேன்."

அவள் நம்பவில்லை. டாக்டரைக் கேட்டுவந்தாள். பார்வையாளர் நேரத்தில் சேகர் ஒரு நூற்கண்டு கொண்டு வந்தார். நான்கு இழையையும் சேர்த்து அவரே சுற்றியிருந்தார், உருண்டையாக வராமல் பூசணிக்காய் மாதிரி கோணலாக இருந்தது. இடது கையில் மருந்து ஏறிக்கொண்டிருந்ததால் அதன் விரல்களைக் கம்பிபோல் அசையாமல் வைத்து, வலது கையால் நூலை மாற்றி மாற்றிக் கோத்து இழுத்தேன். விரல் அகலத்துக்கு ஒரு பட்டை வளர்ந்தது. நர்ஸ் நின்று பார்த்தாள்.

"இது எதுக்கு ஆவும்?"

"ஒண்ணுத்துக்கும் ஆவாது சிஸ்டர். எனக்கு ஆவும்."

பின்னினால் வலி போகாது. அப்படி யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழாய் இருந்த இடம் ஒவ்வொரு மூச்சுக்கும் உறுத்திக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அடுத்த மூச்சு வரும்வரை செய்வதற்கு ஏதோ ஒன்று கையில் இருந்தது. என் அமைதி நான் உழைத்துச் சம்பாதித்தது. வலிக்கு நடுவில், பயத்துக்கு நடுவில், ஒவ்வொரு கண்ணியாகச் சம்பாதித்தது. அதைப் பார்த்துவிட்டு, இவளுக்கு வலியே இல்லை என்று முடிவு கட்டுவது என்ன நியாயம்?

வார்டுக்கு மாற்றிய பிறகு நீரின் சோதனை முடிவு வந்தது. காசநோய். டி.பி. என்றால் இருமலும் ரத்தமும்தான் என்று நினைத்திருந்தேன். அது நுரையீரலைத் தொடாமல் இதயப் பையில் போய் உட்காரவும் செய்யுமாம். என் நுரையீரல் சுத்தமாக இருந்ததால் என்னிடமிருந்து யாருக்கும் ஒட்டாது, ஆறு மாதம் ஒரு நாள் விடாமல் மாத்திரை சாப்பிட்டால் குணமாகிவிடும் என்று டாக்டர் சேகரையும் வசந்தா அக்காவையும் வைத்துக்கொண்டு சொன்னார். சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம் என்றும் சொன்னார். முன்கூட்டியே சொன்னாரே, அதற்கே அவரைக் கும்பிடலாம்.

மருத்துவமனையில் நான் இருந்த எட்டு நாளும் வசந்தா அக்கா கூடவே இருந்தாள். எனக்குத் தலை வாரிவிட்டாள். பார்க்க வந்த உறவுக்காரர் ஒருவர் வாசலிலேயே மூக்கை மூடிக்கொண்டு நின்றபோது, என் டம்ளரில் மிச்சமிருந்த பாலை எடுத்து அவர் கண்முன்னால் குடித்தாள். அவளிடம் நான் அளவோடு பேசிய வருஷங்களை நினைத்துக்கொண்டேன்.

சேகர் நான்காம் நாள்தான் வாயைத் திறந்தார். "டாக்டர் பேச்ச நம்பினேன். உன் பேச்ச நம்பி இருக்கணும்."

பரவாயில்லை என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. "ஆமா, நம்பி இருக்கணும்" என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு சிக்குப்பட்ட நூலைப் பிரிக்க ஆரம்பித்தார். ஒரு மணி நேரம் பிரித்தார்.

மாத்திரை முடிந்து வேலைக்குத் திரும்பப் போனபோது ஒரு சிக்கல். பழைய சீட்டில் ஆங்க்ஸைட்டி என்று இருப்பதால், நான் வராத முதல் நாட்களை அனுமதியில்லாமல் நின்ற நாட்கள் என்று பதிவு செய்திருந்தார்கள். சீட்டு எழுதிய மருத்துவமனையிலேயே திருத்தி வாங்கிவரச் சொன்னார்கள். வசந்தா அக்கா கூட வருவதாகச் சொன்னாள். வேண்டாமென்று சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன்.

அதே நாற்காலிகள். என் முறைக்காகக் காத்திருந்தபோது பக்கத்து வரிசையில் இருந்த ஓர் அம்மாவைக் கவனித்தேன். சாம்பல் நிற முகம், வாய் ஓயாமல் ஏதோ ஜபித்துக்கொண்டிருந்தது, சத்தமே இல்லை. எனக்கு முன்பே வந்தவர். அவரைத் தாண்டி இரண்டு பேர் உள்ளே போயிருந்தார்கள்.

அதே டாக்டர்தான். என்னை அவருக்கு நினைவில்லை. "ஸ்வெட்டர் பின்னிக்கினு இருந்தேனே" என்றதும் நினைவு வந்தது, முகம் மலர்ந்தது. நான் இரண்டாவது மருத்துவமனையின் அறிக்கையை மேசையில் வைத்தேன். படிக்கப் படிக்க அந்த மலர்ச்சி போய்விட்டது.

"அன்னிக்கு நீங்க ரொம்ப அமைதியா இருந்தீங்கம்மா" என்றார்.

"நா கத்தி இருந்தா எக்கோ எடுத்திருப்பீங்களா சார்?"

ஏதாவது சமாளிப்பார் என்று நினைத்தேன். பொய் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"எடுத்திருப்பேன்" என்றார்.

வீட்டிலிருந்து நான் யோசித்து வந்த வசனங்கள் எல்லாம் அந்த ஒரு வார்த்தையில் காணாமல் போயின. கை நடுங்கியது. இந்த முறை நான் பையைத் திறக்கவில்லை. நடுக்கம் அவருக்குத் தெரியட்டும் என்று மேசைமேல் வைத்தேன்.

"அப்ப அத்த அடிச்சிட்டு, நோய்னு எழுதுங்க."

எழுதினார். அடித்து, பக்கத்தில் சரியான பெயரை எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டார். "வேற ஏதாச்சும் வேணுமாம்மா?" என்றார். குரல் இறங்கியிருந்தது.

"வெளிய ரெண்டாவது வரிசைல ஒரு அம்மா பேசாம உக்காந்துக்கினு இருக்காங்க. எழுந்து போய் அவங்களப் பாருங்க."

அவர் மணியை அழுத்தப் போனார். பிறகு கையை எடுத்துக்கொண்டு, குழாயைக் கழுத்தில் மாட்டி, தானே எழுந்து வெளியே போனார். நானும் பின்னால் போய், அந்த அம்மாவை உள்ளே கூட்டிப்போகும்வரை கதவோரம் நின்றேன்.